லிஸ்டர் பிரபுவும் ஓர் அறிமுகக் கடிதமும்



மருத்துவம் கற்று முடித்த இளைஞருக்குப் பட்டம் கைக்கு வரும் நாளிலேயே கவலையும் உடன் வருகின்றது. நூலிற் கற்ற கல்வி, நோயாளியின் படுக்கையருகே நின்று பழகினாலன்றிப் பயன்படாது. அங்ஙனம் பழகுதற்குப் பேர்பெற்ற ஆஸ்பத்திரி ஒன்றில் உடனுறைந்து பயிலும் இடம் வேண்டும். அவ்விடம் கிடைத்தற்கு முன் பேட்டிக்கு அழைப்பு வரவேண்டும். விண்ணப்பங்களோ மலைபோற் குவிந்து கிடக்கின்றன. இந்நிலையில் பெற்றோர் முதலிற் கேட்பது, அங்கே நமக்குத் தெரிந்தவர் எவரேனும் உளரோ என்பதே. ஆசிரியத் தொழிலில் இருக்கும் அடியேனிடத்தும் இக்கேள்வியோடு வருவார் பலர். என்னிடம் படித்த மாணவர் சிலர் இன்று ஆஸ்பத்திரிகளில் நல்ல நிலையில் இருப்பதே அதற்குக் காரணம்.

அறிமுகம் தேடி ஓரிடத்தை அடைதல் தகுமோ, தகாதோ? தகுமெனின் எவ்வளவில் தகும்? இவ்வினாவை வைத்து வாதம் புரிவதினும், அவ்வழியாகவே உயர்ந்து உலகிற்குப் பேருதவி புரிந்த ஒருவர்தம் வாழ்க்கையை எடுத்துரைத்தல் நலம் எனத் துணிந்து, ஜோஸப் லிஸ்டர் பிரபுவின் சரிதத்தை ஈண்டு எழுதலானேன்.

லிஸ்டர் 1827-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், இலண்டன் மாநகரை அடுத்த அப்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஜோஸப் ஜாக்ஸன் லிஸ்டர் திராட்சை மது வணிகர். வணிகம் ஒழிந்த வேளைகளில் அவர் கண்ணாடி வில்லைகளை ஆராய்ந்து வந்தார். நுண்ணோக்கியிற் பார்க்கும்போது பொருளைச் சூழ்ந்து தோன்றும் நிறமயக்கத்தை நீக்கி, உருவைத் தெளிவாகக் காட்டும் வழியைக் கண்டவர் அவரே. அதன் பயனாக 1832-இல் ராயல் சொஸைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. கண்ணிற்குப் புலனாகாத சிற்றுயிர்களோடு பின்னாளிற் போர் தொடுக்கவிருந்த மைந்தர், இளமையிலேயே தந்தையாரின் நுண்ணோக்கியில் கண் வைத்துப் பழகினார்.

அக்குடும்பத்தார் குவேக்கர் என்னும் சமயக் குழுவைச் சேர்ந்தவர்கள். எளிய உடையும் அளவான பேச்சும் அவர்கள் ஒழுகலாறு. ஆயினும் அக்குழுவினர்க்கு அந்நாளில் ஒரு பெருங்குறை இருந்தது. ஆங்கிலத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்று உறுதி கூறாதார் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய பழைய சர்வகலாசாலைகளிற் பட்டம் பெறுதல் இயலாது. அறிவும் பொருளும் இருந்தும், பிறந்த குழுவின் காரணத்தால் வாயில் அடைக்கப்பட்டிருந்தது. இத்தடைகளிற் பெரும்பாலன 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீங்கின.

இக்குறையை நீக்கவே, சமயச் சோதனை எதுவும் இல்லாத கல்லூரி ஒன்று இலண்டனில் 1826-இல் நிறுவப்பெற்று, 1828-இல் பாடம் தொடங்கியது. அதுவே யூனிவர்ஸிடி காலேஜ். லிஸ்டர் அங்கே சேர்ந்து 1847-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். தமையனார் 1846-இல் இறந்த துயரும், தமக்குக் கண்ட அம்மை நோயும் சேர்ந்து அவர் மனத்தைத் தளர்த்தின. படிப்பை நிறுத்தி ஊர்களைச் சுற்றித் தேறிய பின்னரே மீண்டும் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். இளம் பருவத்தில் ஓராண்டு பின்தங்கினால் வாழ்வே போயிற்றென்று ஏங்கும் பிள்ளைகள் இதனைக் கருத வேண்டும்.

மருத்துவக் கல்வியில் அவர் மனத்தை ஈர்த்த ஆசிரியர் இருவர். ஒருவர் கண் மருத்துவம் கற்பித்த வார்ட்டன் ஜோன்ஸ். மற்றவர் உடலியல் கற்பித்த வில்லியம் ஷார்ப்பி. அக்கல்லூரியின் ஆஸ்பத்திரியிலேயே எரிக்ஸன் என்னும் அறுவை மருத்துவரிடம் லிஸ்டர் ஹவுஸ் சர்ஜனாகப் பணிபுரிந்தார். அறுவை நன்கு முடிந்த பின்னரும் புண் அழுகி நோயாளி மாளும் கொடுமையை அவர் அருகிருந்து கண்டது அங்கேதான். மற்றவர்கள் அதனை ஆஸ்பத்திரியின் தீக்காற்று என்று சொல்லி அமைந்தனர். லிஸ்டரோ, அழுகிய புண்ணிலிருந்து சிறிது எடுத்து நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்தார். அன்று விடை கிடைத்திலது. வினா மட்டும் நெஞ்சில் தங்கிற்று.

1852-இல் அவர் மருத்துவப் பட்டமும், இங்கிலாந்து ராயல் காலேஜ் ஆப் சர்ஜன்ஸ் என்னும் அறுவை மருத்துவர் கழகத்தின் உயர் உறுப்பினர் நிலையும் பெற்றார். மறு ஆண்டில் கண்ணின் கருவிழித் தசையைப் பற்றிய அவரது ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. இவ்வளவும் இருந்தும் இருபத்தாறு வயதில் அவர் எதிரே திட்டமான வழி ஒன்றும் இல்லை. ஐரோப்பாவின் மருத்துவசாலைகளைச் சுற்றிப் பார்க்கலாம் என்னும் எண்ணம் மட்டும் இருந்தது.

அப்போது ஷார்ப்பி ஒரு யோசனை சொன்னார். ஷார்ப்பி ஸ்காட்லாந்துக்காரர், எடின்பரோவிற் சிலகாலம் ஆசிரியராக இருந்தவர். அந்நகரின் அறுவை மருத்துவப் பேராசிரியராகிய ஜேம்ஸ் ஸைம் அவருக்கு நெடுநாள் நண்பர். பிற நாடுகளுக்குச் செல்லுமுன் ஒரு திங்கள் எடின்பரோவில் தங்கி, ஸைம் அறுவை செய்யும் திறத்தைப் பார்த்து வரும்படி ஷார்ப்பி அறிவுறுத்தி, நண்பருக்கு ஓர் அறிமுகக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். 1853-ஆம் ஆண்டு செப்டம்பரில் லிஸ்டர் அக்கடிதத்தோடு எடின்பரோ சேர்ந்தார்.

ஈண்டுச் சிறிது நின்று எண்ணுதல் வேண்டும். அக்கடிதத்தை எழுதியவர் யார்? லிஸ்டரின் உறவினரல்லர், அவர் குழுவைச் சேர்ந்தவருமல்லர். பல ஆண்டுகள் வகுப்பிலும் ஆராய்ச்சியிலும் அவரைக் கண்ணாரக் கண்ட ஆசிரியர். பெற்றவர் யார்? முகத்துக்கு அஞ்சாமற் பேசுபவர் என்று பெயரெடுத்த ஸைம். தகுதியில்லாத ஒருவனை அனுப்பினால் நட்பே கெட்டுவிடும் என்பதை ஷார்ப்பி அறிவார். ஆதலின் அவர் அக்கடிதத்தில் வைத்தது தம் பெயரையே. கேட்டது யாது? பதவியன்று, ஊதியமன்று, வந்தவர் பார்த்துக் கற்க ஒரு திங்கள் இடம் மட்டுமே. திருவள்ளுவனார் தெரிந்து தெளிதலை ஓர் அதிகாரமாகவும், தெரிந்து வினையாடலை அதனை அடுத்த அதிகாரமாகவும் வைத்த முறையை நினைவுகூர்க. அறிந்து நம்புதல் முன்னர். பணியில் அமர்த்தல் பின்னர்.

ஸைம் கடிதத்தை வாங்கிக்கொண்டார். ஆளைக் கூர்ந்து பார்த்தார். இளைஞர் அறுவைக் கூடத்தில் உதவிசெய்தார். வீட்டிற்கு அழைக்கப்பெற்று அங்கும் பழகினார். ஒரு திங்கள் கழிந்தது, லிஸ்டர் புறப்படவில்லை. ஸைம் தம்முடைய வழக்கமான உதவியாளர் எண்ணிக்கைக்கு மேற்பட்டவராக அவரைச் சேர்த்துக்கொண்டார். 1854-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ராயல் இன்பர்மரி என்னும் பெரிய ஆஸ்பத்திரியில் உடனுறையும் ஹவுஸ் சர்ஜன் பதவி ஒழிந்தபோது, அதனை லிஸ்டருக்கு அளிக்க முன்வந்தார்.

இதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. அப்பதவி, படிப்பை முடித்தும் முடியாமலும் இருக்கும் இளையோர்க்குரியது. லிஸ்டரோ முன்னரே இலண்டனில் அப்பணியைச் செய்தவர். அறுவை மருத்துவர் கழகத்தின் உயர் உறுப்பினர். தம் நிலைக்குத் தாழ்ந்த இருக்கை என்று அவர் மறுத்திருந்தால் உலகம் அவரைக் குறைகூறியிராது. ஆனால் அவர் இருக்கையின் உயரத்தை நோக்கவில்லை; அருகில் இருப்பவர் யாரென்று நோக்கினார். ஸைமைப் போன்ற ஆசிரியர் பக்கத்தில், இலண்டனிற் கண்டதினும் மிகுதியான நோயாளிகளிடையே வாழும் வாய்ப்பு மீண்டும் வாராதென்று துணிந்து ஏற்றுக்கொண்டார். ஒரு திங்களுக்கென்று சென்றவர் எடின்பரோவிற் தங்கியது ஏழாண்டு.

ஸைமின் மூத்த மகளார் ஆக்னஸை லிஸ்டர் 1856-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் மணந்தார். அம்மையார் குவேக்கர் அல்லர். புறத்தே மணம் செய்தல் அக்குழுவின் நெறிக்கு மாறாதலின், லிஸ்டர் தாமே குழுவினின்றும் விலகினார். அவ்விலக்கம் அவருக்கு எளிதாக இருந்திராது. எனினும் தந்தையார் மகனிடத்து அன்பு குறையவில்லை. தந்தையும் மகனும் ஆராய்ச்சியைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொள்வது இறுதிவரை நிற்கவும் இல்லை. ஆக்னஸ் அம்மையார் கணவரின் ஆராய்ச்சிகளில் உடனிருந்து குறிப்பெழுதி, அவர் தொழிலிற் பாதியைத் தம் தொழிலாகக் கொண்டார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை.

மாமனார் செல்வாக்கினால் மருமகன் உயர்ந்தார் என்று சொல்வார் இருக்கலாம். நிகழ்ந்தவற்றை வரிசையாகப் பார்ப்போம். உடனுறை பதவி கிடைத்தது மணத்திற்கு இரண்டாண்டு முன்னர். 1860-இல் லிஸ்டர் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் அறுவை மருத்துவப் பேராசிரியராக அமர்ந்தார், ஆயினும் அந்நகரின் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கும் இடம் அவருக்கு உடனே கிடைக்கவில்லை, 1861-இல்தான் கிடைத்தது. 1864-இல் எடின்பரோவில் ஒரு பேராசிரியர் பதவி ஒழிந்தது. ஸைம் அந்நகரிலேயே பெரும்புகழோடு இருந்தார். அப்படியிருந்தும் பதவி ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்பவருக்கே சென்றது.

இதனினும் பெரிய பாடம் 1866-இல் வந்தது. தாம் பயின்ற யூனிவர்ஸிடி காலேஜில் அறுவை மருத்துவப் பேராசிரியர் இடம் ஒழிந்தது. லிஸ்டர் அதனை விரும்பினார். அக்கல்லூரித் தலைவர் பிரௌம் பிரபு. இங்கிலாந்தின் சான்ஸலராக இருந்தவர். லிஸ்டர் அவருக்கு ஆதரவு வேண்டி எழுதி, தாம் அப்போது கண்டுகொண்டிருந்த புதிய சிகிச்சை முறையின் குறிப்பையும் உடன் வைத்தார். எழுதப்பட்டவர் ஷார்ப்பியினும் ஸைமினும் எத்தனையோ மடங்கு அதிகாரம் படைத்தவர். வேண்டியவரும் 1853-இல் இருந்த இளைஞரல்லர், பேராசிரியர். எனினும் பதவி ஜான் மார்ஷல் என்பவருக்குப் போயிற்று. உடனிருந்து வேலையைக் கண்ட ஆசிரியரின் எளிய கடிதம் வாயிலைத் திறந்தது. உடன் வேலை செய்தறியாத பிரபுவின் பெயர் திறக்கவில்லை. அதிகாரம் பெரிதா, அறிந்திருத்தல் பெரிதா என்று ஐயுறுவார்க்கு இது போதும்.

இனி, அக்கதவு திறந்ததனால் உலகம் பெற்றது யாதெனக் கூறுவேன். கிளாஸ்கோவின் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவந்த காயம் எனின், காலையோ உயிரையோ இழக்க வேண்டியதாயிருந்தது. 1864 முதல் 1866 வரை லிஸ்டர் கை கால் துண்டித்துச் சிகிச்சை செய்தவர் 35 பேர். அவருள் இறந்தவர் 16 பேர். பாதிக்குச் சற்றே குறைவு. அறுத்த கையில் திறமை இல்லாமலன்று; அறுத்த பின் புண் அழுகியமையால்.

1865-இல் அவர் சர்வகலாசாலையில் ரசாயனம் கற்பித்த தாமஸ் ஆண்டர்ஸன், பிரெஞ்சு நாட்டு லூயி பாஸ்டரின் ஆராய்ச்சிகளை அவர் பார்வைக்குக் கொணர்ந்தார். புளித்தலும் அழுகுதலும் காற்றினால் தாமே உண்டாவனவல்ல, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களால் விளைவன என்பது பாஸ்டர் கண்ட உண்மை. ஒரே வளாகத்திற் பணிபுரிந்த ஒருவர் சொன்ன சொல்லே, பதினான்கு ஆண்டுகளாக லிஸ்டர் நெஞ்சில் இருந்த வினாவிற்கு விடையாயிற்று. அதிலும் பழக்கம் உதவியதேயன்றோ! சாக்கடை நாற்றத்தை நீக்கக் கார்லைல் நகரத்தார் கார்பாலிக் திராவகம் பயன்படுத்திய செய்தியையும் அவர் அறிந்திருந்தார். சிற்றுயிரைக் கொல்லும் அத்திராவகத்தைப் புண்ணில் இட்டாலென்ன என்று எண்ணினார். முதல் முயற்சி கைகூடவில்லை.

1865-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள், ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்னும் பதினொரு வயதுச் சிறுவனைக் கொண்டுவந்தனர். வண்டிச் சக்கரம் ஏறி இடக்கால் எலும்பு முறிந்து புண்ணாகியிருந்தது. லிஸ்டர் கார்பாலிக் திராவகம் தோய்த்த துணியால் அப்புண்ணை மூடினார். நான்கு நாள் கழித்துத் திறந்தபோது அழுகல் இல்லை. சீழ் நாற்றம் இல்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடிச் சிறுவன் தன் காலால் நடந்து வீடு சென்றான். காலை இழந்து வாழ்நாளெல்லாம் பிறர் கையை எதிர்பார்த்திருக்க வேண்டிய ஓர் ஏழைச் சிறுவன் தப்பினான் என்பது அவன் தாய்க்குப் போதும். மருத்துவ உலகிற்கோ அதுவே புதிய யுகத்தின் முதல் நாள்.

அத்தகைய முறிவுகள் பதினொன்றில் அவர் கண்ட முடிவுகள், 1867-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் 'லான்ஸெட்' என்னும் மருத்துவ வார இதழில் வெளிவந்தன. ஒன்பது பேர் நலம் பெற்றனர், ஒருவர் காலை இழந்தார், ஒருவர் இறந்தார். இறந்தவரையும் இழந்த காலையும் அவர் மறைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்க. புதிய முறை வந்த பின், 1867 முதல் 1869 வரை உறுப்புத் துண்டிப்புச் செய்யப்பெற்ற 40 பேரில் இறந்தவர் 6 பேரே. எதிர்ப்புப் பலமாக எழுந்தது; இலண்டன் மருத்துவர் பலர் நெடுநாள் ஏற்றிலர். லிஸ்டர் எதிர்ப்பாரோடு வசைமாற்றம் புரியாமல் அடுத்த நோயாளியின் புண்ணைக் கட்டிக்கொண்டிருந்தார். காற்றில் கார்பாலிக் நீரைத் தூவும் தம் முறை ஒன்று வேண்டாததென்று பின்னர்த் தெளிந்தபோது, 1890-இல் தாமே அதனைக் கைவிட்டதாக வெளிப்படக் கூறினார்.

1869-இல் ஸைம் நோயுற்று விலகவே, எடின்பரோவில் அவர் பீடத்தில் லிஸ்டர் அமர்ந்தார். 1877-இல் இலண்டன் கிங்ஸ் காலேஜ் அழைத்தபோது, எடின்பரோவில் தம்மிடம் பயின்ற நால்வரையும் உடன் கொண்டுசெல்ல இசைவு பெற்ற பின்னரே சென்றார். அவருள் ஒருவராகிய வாட்ஸன் சேனி பின்னாளில் பெரும்புகழ் அடைந்த அறுவை மருத்துவராயினார். ஷார்ப்பி தமக்கு எழுதிய கடிதத்தின் கடனை லிஸ்டர் இவ்வாறே அடைத்தார்: எழுதிக் கொடுத்தவருக்குத் திருப்பித் தரவில்லை, தமக்குப் பின்வந்த இளைஞர்க்குத் தந்தார்.

1893-இல் ஆக்னஸ் அம்மையார் இத்தாலி நாட்டில் நோயுற்று இறந்தார். அதன்பின் லிஸ்டரின் ஊக்கம் குன்றியது. 1895 முதல் 1900 வரை ராயல் சொஸைட்டியின் தலைவராக விளங்கினார். 1897-இல் பிரபுப் பட்டம் பெற்றார். 1912-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் வால்மர் என்னும் கடற்கரையூரில் உயிர் நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கு இறுதி வழிபாடு நிகழ்ந்தது. உடல் வெஸ்ட் ஹாம்ஸ்டெட்டில் மனைவியார் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பெற்றது.

அன்பர்களே! தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். அடியேன் சில ஆண்டுகட்கு முன் ஒரு பிழை செய்தேன். நன்கறியாத ஓர் இளைஞருக்காக, அவர் தந்தையாரின் முகத்தை முறிக்க மாட்டாமல், ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்த என் பழைய மாணவருக்குப் புகழ்ந்து கடிதம் எழுதினேன். அவ்விளைஞர் சேர்ந்து சில வாரங்களிற் சொல்லாமற் கொள்ளாமல் நின்றுவிட்டார். மறு ஆண்டு, உண்மையில் தகுதி வாய்ந்த ஓர் ஏழை மாணவிக்காக அதே மாணவருக்கு எழுதினேன். மரியாதையான விடை வந்தது. பேட்டிக்கு அழைப்பு வரவில்லை. அவர்மீது குறையில்லை. என் சொல்லின் விலையை நானே குறைத்துவிட்டேன். அதற்குரிய கூலியைக் கொடுத்தவளோ அப்பெண். இன்றும் அவளை நினைக்குந்தோறும் நெஞ்சு உறுத்துகின்றது.

ஆதலின், பிள்ளைகளே! தெரிந்தவரை நாடுதல் இழிவன்று. ஆனால் உங்கள் வேலையை நேரிற் கண்டவரை நாடுங்கள். பதவியைக் கேளாதீர்கள், உங்களைப் பார்க்க ஒரு வாய்ப்பைக் கேளுங்கள். கிடைத்த இருக்கை தாழ்ந்ததாயினும் நல்லாசிரியர் அருகில் இருப்பின் அமருங்கள். பெரியோர்களே! கண்டறிந்ததை மட்டும் எழுதுங்கள். அறியாதவருக்கு எழுத மறுப்பதும் ஓர் அறமே.

இன்னும் ஒன்றுளது. ஷார்ப்பியின் கடிதம் திறந்தது ஒருவருக்கு மட்டும். அதற்கு முன்னரே, பிறப்பும் சமயமும் கேளாத கல்லூரி ஒன்று திறந்திருந்தமையால்தான் லிஸ்டர் ஷார்ப்பியின் கண்ணிற் பட்டார். கடிதம் எழுத ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகள் நம்மிலும் உளர், அயலாரிலும் உளர். நம் சங்கத்து மருத்துவர்கள் ஆண்டிற்குச் சில நாள் ஒதுக்கி, எவர் வீட்டுப் பிள்ளையாயினும் தம் அருகே நின்று பழக இடம் தருவாராயின், அப்பிள்ளைகளை அறிந்து எழுதுவாரும் தாமே தோன்றுவர். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை ஆலோசிக்குமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கின்றேன்.